முழுக நனைந்த பிறகும் முக்காடு: கடன் அடைக்கும்போதே செலவுப் பழக்கத்தை மாற்ற ஒரு முழு வழிகாட்டி

ஓசூரில் ஷிஃப்ட் முடிந்து கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், சூளகிரி வருவதற்குள் என் கை போனுக்குப் போய்விடும். ஜன்னலோரம், காற்று, நாள் முழுக்க நின்ற கால் வலி. ஒரு ஷாப்பிங் ஆப்பைத் திறந்தால் போதும், டோல்கேட் தாண்டும் முன் ஏதோ ஒன்று ஆர்டர் ஆகியிருக்கும். புளூடூத் ஸ்பீக்கர், ஷூ, மகளுக்குப் பொம்மை. மூன்று வருடங்களுக்கு முன்பு எனக்கு 3,88,000 ரூபாய் கடன் இருந்தது. என் சம்பளம் கையில் 24,000. மனைவி தையலில் மாதம் 7,000 வரை பார்ப்பார். இன்று நகைக்கடனில் 46,000 மட்டும் பாக்கி.

கணக்கு தெரியாததால் நான் கடன்பட்டேன் என்று சொல்ல முடியாது. குவாலிட்டி செக்‌ஷனில் வேலை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பீஸைத் தனியே எடுத்து வைப்பவன் நான். சொந்தக் காசில் மட்டும் அந்தக் கண் வேலை செய்யவில்லை. காரணம், மண்டைக்குள் ஓடிய ஒரு பழமொழி: முழுக நனைந்த பிறகு முக்காடு எதற்கு? ஏற்கெனவே மூணு லட்சம் கடன், இதில் 800 ரூபாய் போனால் என்ன? வட்டியைவிட எனக்கு அதிகம் செலவு வைத்தது இந்த எண்ணம்தான். கீழே உள்ள படிகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அந்த எண்ணத்தோடு மல்லுக்கட்டுகிறவைதான்.

படி 1: மொத்தத் தொகையைக் கண்ணால் பாருங்கள்

பழைய மாதக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினோம். மனைவி சொல்லச் சொல்ல நான் எழுதினேன், ஏனென்றால் பாதிக் கடன் அவருக்குத்தான் ஞாபகம் இருந்தது. கிரெடிட் கார்டு 40,000. போன் இஎம்ஐ 12,000. பைக் லோன் 48,000. பேங்கில் நகைக்கடன் 1,20,000. ஊரில் ஒருவரிடம் மூணு வட்டிக்கு 1,00,000. மகளிர் குழுக் கடன் 35,000. லோன் ஆப் 8,000. மச்சானிடம் கைமாத்து 25,000. நான் மனதில் வைத்திருந்த தொகை இரண்டரை லட்சம். கூட்டி முடித்ததும் மனைவி, "ஏங்க, இன்னொரு தடவை கூட்டுங்க" என்றார். கூட்டினேன். அதே தொகைதான் வந்தது.

ஒவ்வொரு கடனுக்கும் ஐந்து விஷயம் வேண்டும்: யாருக்கு, அசல் பாக்கி எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டுகிறோம், வட்டி எத்தனை சதவீதம், எந்தத் தேதி. பேங்க், ஃபைனான்ஸ் கடன்களுக்கு இன்றைய தேதிக்கு முடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டு வாங்குங்கள். கட்டிய தவணைகளை வைத்து நாமே போடும் கணக்கு பெரும்பாலும் தப்பாக இருக்கும். மறந்த கடன் ஏதாவது இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் முழு அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிடமும் இலவசமாகப் பெறலாம். கைமாத்தை விட்டுவிடாதீர்கள். வட்டி இல்லாத கடன் என்று அதை ஒதுக்கி வைக்கத் தோன்றும்.

அன்று இரவு வேறு எந்த முடிவும் எடுக்க வேண்டாம். "நாளையிலிருந்து டீ கிடையாது" மாதிரிச் சபதங்கள் அந்த நேரத்தில்தான் பிறக்கும். நான் போட்ட சபதம் ஒன்பது நாள் தாங்கியது.

படி 2: என்ன வாங்கினோம் என்பதோடு, எப்போது வாங்கினோம் என்றும் எழுதுங்கள்

எல்லோரும் செலவுக் கணக்கு எழுதச் சொல்வார்கள். நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். "மளிகை 2,340, பெட்ரோல் 300" என்று எழுதி எனக்கு ஒன்றும் விளங்கியதில்லை. விளங்க வைத்தது, கூடுதலாகப் போட்ட ஒரே ஒரு பத்தி: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது?

ஒரு மாதம் எழுதினேன். தேவையில்லாத செலவு என்று நானே ஒப்புக்கொண்டவை 22. அதில் 13 பஸ்ஸில் நடந்தவை. நான்கு, நண்பர்களோடு இருந்தபோது. மீதி ஐந்து என்னைத் திகைக்க வைத்தன. ஐந்தில் நான்கு, கலெக்‌ஷன் ஆள் போன் செய்து திட்டிய நாளின் இரவு. கடன் கட்டச் சொல்லி ஒருவன் கத்தியதும் நான் போய்ச் செய்தது, நாலு பேருக்குப் பிரியாணி வாங்கி வந்தது! வீட்டில் எல்லோர் முகமும் மலர்ந்தால், கொஞ்ச நேரம் நான் கடன்காரன் இல்லை.

உங்கள் நேரம் வேறாக இருக்கலாம். பாலக்கோடு மண்டியில் தக்காளிக்கு நல்ல விலை கிடைத்த அன்றே புதுப் போன் வாங்கிவிடும் பழக்கம் என் சித்தப்பாவுக்கு. மதியம் வீட்டில் தனியாக இருக்கும்போது ஆன்லைனில் சேலை பார்க்கிற அக்காமார் உண்டு. 30 நாள் எழுதுங்கள், அதற்கு முன் எதையும் மாற்றாதீர்கள். எழுதும் மாதத்தில் செலவைக் குறைத்து நல்ல பிள்ளையாக நடித்தால் நோட்டு பொய் சொல்லும்.

படி 3: அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் செய்யுங்கள்

மன உறுதியை நம்பி நான் தோற்றிருக்கிறேன். பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்தவனிடம் மாலை ஆறரைக்கு மன உறுதி எங்கே இருக்கும்? அதனால் வழியை மாற்றினேன்.

ஷாப்பிங் ஆப்புகளில் சேமித்திருந்த கார்டு எண்களை நீக்கினேன். "இப்போது வாங்கு, பிறகு கட்டு" வசதியை மூடச் சொல்லிக் கோரிக்கை கொடுத்தேன். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பக்கத்தைத் திறந்து பார்த்தால், ஒரு வருடமாகத் திறக்காத இரண்டு வீடியோ ஆப்புகளுக்கு மாதாமாதம் காசு போய்க்கொண்டிருந்தது. ரத்து. நீங்களும் இன்றே அந்தப் பக்கத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது கணக்குகளைப் பிரித்தது. சம்பளம் வரும் கணக்கில் யுபிஐயையே எடுத்துவிட்டேன். இன்னொரு கணக்கில் மட்டும் யுபிஐ. அதற்குத் திங்கள்தோறும் என் கைச்செலவாக 700 ரூபாய் தானாகப் போகும். வியாழனன்று 40 ரூபாய் மிச்சம் என்றால் வெள்ளியும் சனியும் 40 ரூபாய்தான். முதல் மாதம் இரண்டு முறை டீக்கடையில் அசடு வழிய நின்றேன். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனால் ரொக்கம் மட்டும், போன் வீட்டில்.

பஸ்ஸுக்குத் தனி ஏற்பாடு. போனைச் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தேன். கொஞ்ச நாள் போனில் சாம்பார் வாசம் அடித்தது. ஆனால் அதை எடுக்கப் பையைப் பிரித்து, டப்பாவை வெளியே வைத்து, பக்கத்து சீட்காரரை நகரச் சொல்லி... அதற்குள் ஆசை ஆறிவிடும். வாங்க நினைத்ததைச் சட்டைப் பையில் இருந்த ஒரு தாளில் எழுதிவைத்து, பத்து நாள் கழித்துத்தான் பார்ப்பேன். முதல் தாளில் 11 பொருள் இருந்தது. பத்து நாள் கழித்தும் வேண்டும் என்று தோன்றியது ஒரு மழைக்கோட்டு மட்டும். வாங்கினேன்.

படி 4: சறுக்கிய நாளைச் சமாளிப்பது

இதுதான் முக்கியமான படி. சறுக்காமல் யாரும் கடனை அடைத்து நான் பார்த்ததில்லை.

முதல் தீபாவளி போனஸ். துணிக்கு 3,500 என்று பேசிக்கொண்டு கிருஷ்ணகிரிக் கடைக்குப் போனோம். பில் 9,200. அதாவது 5,700 அதிகம். வீட்டுக்கு வந்ததும் பழமொழி தலை தூக்கியது. போனதே போச்சு, இந்த மாதம் கெட்ட மாதம், அடுத்த மாதத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். அடுத்த நான்கு நாளில் பட்டாசு, ஹோட்டல், ஒரு மிக்ஸி என்று இன்னும் 6,400 போனது. பிறகு நோட்டைப் பார்த்தபோது உறைத்தது: சறுக்கலைவிட, சறுக்கிவிட்டேனே என்று கையை அவிழ்த்துவிட்ட நான்கு நாள்தான் பெரிய தொகை.

அதன் பிறகு வீட்டில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். அதிகமாகச் செலவு செய்தால் அன்று இரவே, தூங்கும் முன், நோட்டில் எழுதிவிட வேண்டும். திருப்பிக் கொடுக்கக்கூடிய பொருள் என்றால் மறுநாளே கொடுப்பது. மறுநாள் வழக்கமான நாள். அதே 700, அதே டீ. போன காசை ஈடுகட்ட மறுநாளே எல்லாவற்றையும் நிறுத்துவது கிடையாது. ஒரு நாள் ஆட்டம், மறுநாள் பட்டினி, அதற்கும் மறுநாள் இரட்டை ஆட்டம் என்ற சுற்று குடிகாரர்களிடம் மட்டும் இருப்பதில்லை.

"மாதம் கெட்டுவிட்டது" என்று சொல்வதையும் நிறுத்தினோம். மாதத்துக்கு 30 நாள். கெட்டது ஒரு சாயங்காலம்.

எழுதும்போது வார்த்தையைக் கவனியுங்கள். நான் முதலில் "புத்தி கெட்டு வாங்கினேன்" என்று எழுதுவேன். மனைவி அதை அடித்துவிட்டு "பஸ்ஸில் வாங்கினது" என்று எழுதினார். முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதற்கு ஒரு டிபன் பாக்ஸ் போதும்.

படி 5: எந்தக் கடனை முதலில்?

எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத்தைக் கட்டிவிட்டு, மிச்சத்தை ஒரே கடனில் போடுங்கள். எது அந்த ஒன்று? வட்டி அதிகமானதா, தொகை சிறியதா என்று பெரிய வாதமே உண்டு. கணக்குப்படி வட்டி அதிகமானதுதான் லாபம். ஆனால் சிறியது ஒன்று ஒழிந்தால் கிடைக்கும் மூச்சும் வேண்டும். எனக்கு இரண்டு வகையிலும் லோன் ஆப்தான் முதலிடம், அதனால் யோசிக்க வேலையில்லாமல் போனது.

அடுத்து கிரெடிட் கார்டு. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பாக்கி 40,000. என் கார்டில் வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது 1,400 ரூபாய். வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252. ஆக 1,652. குறைந்தபட்சத் தொகை என்று 2,000 கட்டினால் அசலில் குறைவது 348 ரூபாய். நான் ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தேன், "ஒழுங்காகக் கட்டுகிறேனே" என்ற பெருமையோடு. அது போதாதென்று, பாக்கியை வைத்துக்கொண்டே அதே கார்டில் புதிதாக வாங்கினால் வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையும் கிடையாது; வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும்.

மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். நம் ஊரில் அதை யாரும் பெரிய வட்டியாகவே நினைப்பதில்லை. தண்டல் அதைவிட மோசம். 10,000 என்று பேசி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். "வட்டி 1,500தானே" என்று தோன்றும். ஆனால் அசலும் தினம் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்குக்கு மாற்றினால் 120 சதவீதம் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2003-லேயே அதிக வட்டி வசூலுக்குத் தடைச் சட்டம் வந்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே குறிப்பிடும் சட்டம் அது.

மூணு வட்டிக் கடனை பேங்க் நகைக்கடனாக மாற்றுவது நல்ல யோசனைதான். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000 வட்டி போகும் இடத்தில், ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் 833 போகும். மீதி நகை இருந்தால் செய்யுங்கள், ஆனால் மிச்சமாகும் 2,167 ரூபாயை அந்த மாதமே அசலில் போட ஏற்பாடு செய்த பிறகு. என் நண்பர் ஒருவர் மாற்றிய மாதமே, பாரம் இறங்கிய மகிழ்ச்சியில், டிவி வாங்கினார். இப்போது நகையும் உள்ளே, மூணு வட்டியும் மறுபடி.

மகளிர் குழு, மைக்ரோ ஃபைனான்ஸ் கடனை முன்கூட்டியே முடித்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது 2022-ல் வந்த ரிசர்வ் வங்கி விதி. குழுவில் மற்றவர்கள் நமக்காகக் கட்ட நேர்ந்தால் ஏற்படும் மனக்கசப்பை எந்த விதியும் சரிசெய்யாது, அதனால் அந்தத் தவணையை மட்டும் நாங்கள் ஒருபோதும் தள்ளிப்போடவில்லை.

மச்சான் கைமாத்துக்கு வட்டி கிடையாது. கணக்குப்படி அது கடைசி. ஆனால் அவன் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போதெல்லாம் கூச்சத்தில் நான் கைநிறையப் பழமும் ஸ்வீட்டும் வாங்கிப்போனேன். கடனை மறைக்க ஒரு செலவு! மாதம் 1,000 கொடுக்க ஆரம்பித்தேன். "எதுக்கு மாமா இப்போ" என்றான். வாங்கிக்கொண்டான். ஸ்வீட் டப்பா நின்றது.

படி 6: நாலு பேருக்காகச் செய்யும் செலவு

அந்த மூணு வட்டி ஒரு லட்சம் எங்கே போனது தெரியுமா? மகள் காதுகுத்து. நாலு கெடா, பந்தல், மூன்று இடத்தில் பிளக்ஸ் பேனர். பேனரில் என் முகம் நானே அடையாளம் தெரியாத அளவுக்கு வெள்ளை. மொய் 41,000 வந்தது. அதை வருமானம் என்று நினைத்துச் செலவு செய்தோம். மொய் வருமானம் கிடையாது, அதுவும் திருப்பிச் செய்ய வேண்டியதே. அதை நோட்டில் கடன் பக்கம் எழுத வேண்டும்.

இப்போது மொய் நோட்டை வைத்து, வரும் வருடம் யார் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று தையிலேயே பட்டியல் போடுகிறோம். வருடத்துக்கு ஒரு தொகை, அதைப் பன்னிரண்டால் வகுத்துத் தனி டப்பா. ஆவணி முகூர்த்தத்தில் ஒரே வாரம் நாலு பத்திரிகை வந்தாலும் கடன் வாங்கி மொய் வைப்பதில்லை. பங்காளி ஒருவரிடம் இப்படிச் சொன்னேன்: "இந்த வருஷம் கை இறுக்கம்ண்ணா. முந்தின நாளே வந்து பந்தியில நிக்கிறேன். மொய் மட்டும் தையில செய்யறேன்." அவர் ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் அன்று பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றது நான்தான்.

எல்லாவற்றுக்கும் இப்படிச் சொல்ல முடியாது. கூடப் பிறந்த அக்கா பெண்ணுக்குத் தாய்மாமன் சீர் செய்யாமல் இருக்க முடியுமா? அதை முன்கூட்டியே தெரிந்த செலவாக வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்குப் பதினோரு வயதாகும்போதே சேர்க்க ஆரம்பித்தால் மஞ்சள் நீராட்டுக்கு மூணு வட்டி தேவைப்படாது.

படி 7: ஆசைக்கும் ஒரு தொகை

இதை வெட்டினால் மற்ற படிகள் நிற்காது. குடும்பத்துக்கு மாதம் 600 ரூபாய், எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாத காசு. மூன்று மாதம் சேர்த்து ஒகேனக்கல் போனோம். வீட்டிலிருந்து களியும் கீரையும் கட்டிக்கொண்டு, அங்கே மீன் மட்டும் வாங்கிப் பொரித்துத் தரச் சொல்லிச் சாப்பிட்டோம். கடன் வாங்கிப் போன மூன்று ஒகேனக்கல் பயணங்களில் ஒன்றுகூட எனக்குச் சரியாக நினைவில் இல்லை.

மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு

மா, தக்காளி, பட்டுக்கூடு என்று பருவத்தை நம்பியிருப்பவர்களுக்கு என் 700 கணக்கு அப்படியே பொருந்தாது. மாங்காய்க் காசு ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் மொத்தமாக வரும். வந்ததும் உரம், மருந்து, கூலிப் பாக்கியைக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பன்னிரண்டாக வகுத்து, அந்த மாதப் பங்கை மட்டும் கையில் எடுங்கள். நல்ல விலை கிடைத்த வருடத்தை வழக்கமான வருடமாக எண்ணி இஎம்ஐ போட வேண்டாம். மோசமான வருடத்தில் எவ்வளவு கட்ட முடியுமோ அதுதான் உங்கள் தவணை அளவு.

கை மீறும்போது

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியோ, குடியோ இருந்தால் மேலே சொன்ன நோட்டு மட்டும் போதாது. அத்தகைய ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. ஆனாலும் பழகிய கை வேறு வழி தேடும். அதற்கு வைத்தியம் வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அந்த நிமிடமே 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் எண் அது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தக்காரர்களிடம் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு. மீறினால் தேதி, நேரத்தோடு எழுதிவைத்து முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், பிறகு ரிசர்வ் வங்கிக்கு. போட்டோவை மாற்றி அனுப்புவேன் என்று லோன் ஆப்பிலிருந்து மிரட்டல் வந்தால் சைபர் கிரைம் எண் 1930. சட்ட ஆலோசனைக்குக் காசில்லை என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்றங்களில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அழைக்க 15100.

கடைசிப் படி: ஒரு கடன் முடிகிற நாள்

கொண்டாட வேண்டிய நாள், ஆபத்தான நாளும் அதுவே. முதலில் காகித வேலை. கடன் முடிந்ததற்கான சான்றிதழை எழுத்தில் வாங்குங்கள். வண்டி என்றால் என்ஓசியோடு (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) படிவம் 35-ம் வாங்கி, ஆர்சி புத்தகத்தில் ஃபைனான்ஸ் பெயரை நீக்குங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்று செக், புரோநோட்டு இருந்தால் கையோடு திரும்பக் கேட்டு வாங்குங்கள், பிறகு தருகிறேன் என்றால் நகராதீர்கள். குறைத்துக் கட்டி செட்டில்மெண்ட் செய்தால் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும். முழுதாக முடித்ததற்குச் சமமாக அதை யாரும் பார்ப்பதில்லை. முடிந்தவரை முழுதாகக் கட்டி மூடுங்கள்.

போன் இஎம்ஐ முடிந்த மாதம் எனக்கு 2,000 ரூபாய் கையில் மிச்சமானது. எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அதனால் பைக் லோன் கடைசித் தவணை கட்டிய அன்று அரை நாள் லீவு போட்டேன். என்ஓசியைக் கையில் வாங்கிக்கொண்டு நேராக பேங்குக்குப் போய், அடுத்த மாதம் 5-ஆம் தேதியிலிருந்து அதே 3,200 ரூபாய் நகைக்கடன் கணக்குக்குப் போகும்படி எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் ஃபாரத்தைப் படித்துவிட்டு, "முடிவு தேதி போடலையே சார்?" என்றார். "கடன் முடியற வரைக்கும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து டீ குடித்தேன். அந்த வாரக் கணக்கில் இன்னும் 160 ரூபாய் இருந்தது.